மியூனிக்கில் மாதம் 992 யூரோ போதுமா? அங்கே இருப்பவர்கள் உண்மைக் கணக்கு சொல்லுங்கள்

பொன்மலை_வேதியியல்:
எல்லோருக்கும் வணக்கம். மியூனிக்கில் எல்எம்யூ பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது, அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவம். வளாகம் க்ரோஸ்ஹாடர்ன் பக்கம். படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் வந்துவிட்டது, அடுத்த வேலை விசாவுக்குப் பணம் காட்டும் பிளாக்டு அக்கவுண்ட். வருடத்துக்கு 11,904 யூரோ போட்டால் மாதம் 992 வீதம் நமக்குத் திரும்பி வரும் என்பது வரை தெரியும். அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். பாதி அவருடைய சேமிப்பு, பாதி வங்கிக் கடன். யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட பிறகு இந்தத் தொகையே பன்னிரண்டு லட்சத்துக்குப் பக்கம் வருகிறது. வீடியோக்களில் ஒருவர் 700 யூரோ தாராளம் என்கிறார், இன்னொருவர் 1,500 இல்லாமல் கிளம்பாதே என்கிறார். யாரை நம்புவது? கடன் ஒருமுறைதான் வாங்க முடியும், அதனால் தொகையைச் சரியாகக் கேட்க வேண்டும்.

யூ6_பயணி:
வாழ்த்துகள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, அவர்கள் இருக்கும் அறை வேறு வேறு, அவ்வளவுதான். மியூனிக்கில் பட்ஜெட் என்று பேச ஆரம்பித்தால் முதலில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, அறை எங்கே கிடைத்தது என்பது. மற்றதெல்லாம் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஸ்டூடியரெண்டன்வெர்க் நடத்தும் மாணவர் விடுதியில் இடம் கிடைத்தால் வாடகை 400 ஒட்டி, தண்ணீர், ஹீட்டர், இணையம் எல்லாம் சேர்த்து. மருத்துவக் காப்பீடு 150 என்று வைத்துக்கொள் (23 வயதைத் தாண்டியவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல்). பயணச் சீட்டுக்கு 45, போனுக்கு 10, வானொலி தொலைக்காட்சிக் கட்டணம் 18, சாப்பாடு நாமே சமைத்தால் 220, துணி துவைக்க, முடி வெட்ட, எப்போதாவது ஒரு காபி என்று 60. மொத்தம் 903. அதாவது 992இல் அடங்கும், கையில் கொஞ்சம் நிற்கும்.

விடுதி கிடைக்காமல் வேகே, அதாவது மூன்று பேர் சேர்ந்து இருக்கும் வீட்டில் ஓர் அறை என்றால் இங்கே 750க்குக் கீழே பார்ப்பதே அரிது. 800ஐத் தாண்டியும் நிறைய இருக்கிறது. மற்ற எதையும் மாற்றாமல் இந்த ஒன்றை மட்டும் மாற்றினால் (வானொலிக் கட்டணத்தை வீட்டில் பிரித்துக்கொள்ளலாம், தலைக்கு 6 யூரோ என்று வை) 1,241 வரும். மாதம் 250 துண்டு விழும். வருடத்துக்கு 3,000 யூரோ, மூன்று லட்ச ரூபாய். சாப்பாட்டில் மிச்சம் பிடித்து இதை ஈடுகட்டவே முடியாது. அதைச் செய்யப் பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களை இங்கே பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதே.

992 என்பது ஜெர்மனி முழுவதுக்கும் ஒரே எண். மாணவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகையின் உச்ச அளவை வைத்துப் போட்டது. மியூனிக்குக்கும் அதேதான், கிழக்கே சிறிய ஊருக்கும் அதேதான். அது விசாவுக்கான எண், ஊருக்கான எண் இல்லை.

ஆஹன்_வாசி:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். மியூனிக்கைத் தவிர வேறு இடம் கிடைக்கவில்லையா? ஆஹனில் 400க்கும் கீழே அறை எடுத்து இருக்கிறேன். கெம்னிட்ஸ், மாக்டபுர்க் பக்கம் போனால் இன்னும் குறைவு. மியூனிக்கின் டியூஎம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணமும் வந்துவிட்டது, முதுகலைக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ. அந்த ஊர் பணக்கார ஊர், நம் மாதிரி ஆட்களுக்குச் சரிவராது.

பொன்மலை_வேதியியல்:
அண்ணா, எனக்கு எல்எம்யூ, அங்கே அந்தக் கட்டணம் இல்லை. பருவத்துக்கு மாணவர் நலத்துக்கான சின்னத் தொகை மட்டும்தான். அதோடு நான் செய்ய நினைக்கும் ஆய்வுக்கு அங்கேதான் குழு இருக்கிறது. ஊரை மாற்ற மாட்டேன், பணத்தைத்தான் சரிசெய்ய வேண்டும்.

யூ6_பயணி:
சரியான முடிவு. படிப்புக்காக வருகிறோம், வாடகைக்காக இல்லை. ஆனால் யாரும் சொல்லாத இன்னொரு கணக்கு இருக்கிறது, அதை எழுதாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது. முதல் இரண்டு மாதம்.

பிளாக்டு அக்கவுண்டில் பணம் இருக்கும், கைக்கு வராது. இங்கே வந்து ஒரு நடப்புக் கணக்கு திறந்து, அந்த எண்ணைக் கொடுத்த பிறகுதான் முதல் 992 விழும். கணக்கு திறக்கப் பல வங்கிகள் முகவரிப் பதிவைக் கேட்கும். முகவரிப் பதிவு, அதுதான் அன்மெல்டுங், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். அதற்கு வீடு வேண்டும். வீட்டுக்கு முன்பணம் வேண்டும். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் இடத்தில் உன்னிடம் கைப்பணம் இருக்க வேண்டும்.

எவ்வளவு என்று கேட்பாய். முன்பணம், இங்கே கவுட்ஸியோன் என்பார்கள், வெறும் வாடகையில் மூன்று மடங்கு வரை கேட்கலாம். வெறும் வாடகை 600 என்றால் 1,800. முதல் மாத வாடகை 750. அறை கிடைக்கும் வரை ஹாஸ்டலிலோ யார் வீட்டிலோ தங்க 700. ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு 100, பருவத் தொகைக்குச் சுமார் 100, போர்வை, தலையணை, பாத்திரம் என்று 150. கூட்டினால் 3,600. இது முழுக்க 11,904க்கு வெளியே. கடன் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேள்.

இன்னொன்று, செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை இங்கே அக்டோபர்ஃபெஸ்ட். நீங்கள் எல்லோரும் வந்து இறங்கும் அதே வாரங்கள்தான். ஹாஸ்டல் படுக்கை விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிவிடும், அதுவும் கிடைத்தால். ஒன்று செப்டம்பர் தொடக்கத்திலேயே வந்துவிடு, இல்லையென்றால் ஊரிலிருந்தே தங்குமிடத்தை உறுதி செய்துகொண்டு வா.

நொய்யல்_கரை:
ஐயா, நான் ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாப்பாவும் இந்த வருடம் மியூனிக்தான் போகிறாள். நீங்கள் சொன்ன இந்த 3,600 யூரோவை எந்த ஏஜென்சியும் எங்களுக்குச் சொல்லவில்லை. பிளாக்டு அக்கவுண்ட் போட்டால் வேலை முடிந்தது என்றுதான் சொன்னார்கள். இப்போது மறுபடி வங்கிக்குப் போக வேண்டும். முன்பணம் 1,800ஐ ஒரே தடவையில் கொடுத்துத்தான் ஆகவேண்டுமா?

யூ6_பயணி:
இல்லைங்க. இங்கே சட்டப்படி முன்பணத்தை மூன்று சம தவணையாகக் கொடுக்க வாடகைக்கு வருபவருக்கு உரிமை உண்டு. முதல் தவணை குடியேறும்போது, மற்ற இரண்டும் அடுத்தடுத்த மாத வாடகையோடு. ஆனால் ஓர் அறைக்கு ஐம்பது பேர் வரிசையில் நிற்கும் ஊரில், ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் இதைப் பேசினால் அறை அடுத்தவருக்குப் போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது, அதுவும் நியாயமான பயம்தான். கையெழுத்தான பிறகு மரியாதையாக எழுதிக் கேட்கலாம். அந்தப் பணம் திரும்பி வரும், ஆனால் காலி செய்த உடனே வராது, சில மாதம் ஆகும். அதனால் படிப்பு முடியும் வரை அதை மறந்துவிடச் சொல்லுங்கள்.

வங்கி விஷயத்தில் இரண்டு செய்தி உங்களுக்குப் பயன்படும். வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தில் வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் போனால் டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே வசூலிக்கும் வரி, பிடிப்பார்கள், ஆனால் அங்கீகரித்த வங்கியில் வாங்கிய கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் அது கிடையாது. சொந்தச் சேமிப்பிலிருந்து போய்ப் பிடித்திருந்தாலும் வருமான வரித் தாக்கலில் திரும்பப் பெறலாம். கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரியில் எட்டு வருடம் வரை கழிவு உண்டு, பழைய வரி முறையில் இருந்தால் மட்டும்.

நொய்யல்_கரை:
ரொம்ப நன்றிங்க. டிசிஎஸ் கணக்கை எங்கள் ஆடிட்டரிடம் இன்றைக்கே பேசுகிறேன்.

கரிசல்:
எல்லோரும் இவ்வளவு பயமுறுத்த வேண்டாம் என்று நினைக்கிறேன். போன வருடம்தான் மியூனிக்கில் படிப்பை முடித்தேன். முதல் பருவத்திலேயே பகுதி நேர வேலை பார்த்துச் சமாளித்தேன். 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. மினிஜாப் என்ற சிறு பகுதி நேர வேலை என்றால் மாதம் 603 வரை பிடித்தம் பெரிதாக இல்லாமல் கைக்கு வரும், அதற்கு வாரம் பத்து மணி நேரம் வேலை செய்தால் போதும். அந்த 250 துண்டெல்லாம் தூசு.

யூ6_பயணி:
கரிசல், உங்களுக்கு நடந்தது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் புதிதாக வரும் ஒருவருக்கு இதைத் திட்டமாகச் சொல்லக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வேலைக்கு முகவரிப் பதிவு வேண்டும், அதற்குப் பிறகு தபாலில் வரி எண் வர வேண்டும், அதற்கே வாரங்கள் ஓடிவிடும். ஜெர்மன் பேசத் தெரியாவிட்டால் கிடங்கு வேலை, டெலிவரி, ஹோட்டலில் பாத்திரம் கழுவுவது, இவ்வளவுதான் முதலில் கிடைக்கும், அதற்கும் போட்டி. வேதியியல் படிப்பவருக்குக் காலையிலிருந்து மாலை வரை ஆய்வகம் இருக்கும், ஒரு பயிற்சியைத் தவறவிட்டால் பருவமே தள்ளிப்போகும். ஒரு பருவம் தள்ளிப்போனால் ஆறு மாத வாடகை கூடுதல். மினிஜாப்பில் சம்பாதித்ததெல்லாம் அங்கே போய்விடும்.

வேலை பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் நமக்கு அனுமதி இருக்கிறது. இரண்டாம் பருவத்தில் பேராசிரியர் குழுவிலேயே ஹிவி, அதாவது மாணவ உதவியாளர் வேலை கேட்டால் படிப்புக்கும் அது உதவும். ஆனால் முதல் பருவ பட்ஜெட்டில் வேலைச் சம்பளம் என்ற வரிக்கு நேரே பூஜ்யம் என்று எழுது. வந்தால் வரட்டும், அது போனஸ்.

கரிசல்:
ஆய்வகப் படிப்பு என்பதை நான் யோசிக்கவில்லை. நான் படித்தது கணினி, எனக்கு நேரம் இருந்தது. சரி, அந்த வரியில் பூஜ்யம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜெர்மன் ஏ2 என்ற அடிப்படை நிலையையாவது ஊரிலேயே முடித்துவிட்டு வந்தால் வேலை சீக்கிரம் கிடைக்கும், ஊரில் வகுப்புக் கட்டணமும் குறைவு.

வன்னிமண்:
தங்கச்சி, நான் மியூனிக்குக்கு வெளியே கனகாலமாகக் குடும்பத்தோடு இருக்கிறேன். ஒவ்வொரு செப்டம்பரும் எங்கட ஆட்களுக்குத் தொலைபேசி அழைப்பு வந்துகொண்டே இருக்கும், "அறை இருக்கா" என்று கேட்டு. இரண்டு விசயம் சொல்கிறேன், வடிவாக வாசியுங்கோ.

ஒன்று, அறையை நேரே பார்க்காமல், அல்லது நம்பிக்கையான ஒருவர் போய்ப் பார்க்காமல் ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். "நான் இப்ப வேற நாட்டில இருக்கிறன், காசு போட்டால் திறப்பை (சாவியை) தபாலில் அனுப்புறன்" என்று ஆராவது எழுதினால் அது முழுப் பொய். படங்கள் வலு வடிவாக இருக்கும், மியூனிக்கின் நடுவில் 450 யூரோ என்று போட்டிருப்பார்கள். அந்த விலையே சொல்லிவிடும் அது பொய் என்று. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை இப்படி இரண்டு மாதக் காசை இழந்து வந்து நின்றது, பொலிசில் எழுதிக் கொடுத்தும் திரும்பக் கிடைக்கவில்லை.

இரண்டாவது, தமிழ் ஆட்களின் வீட்டில் அறை கிடைத்தால் நல்லது, சாப்பாட்டுக்கும் துணைக்கும் ஆறுதல். ஆனால் அங்கேயும் எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கோ, முகவரிப் பதிவுக்குக் கையெழுத்துத் தருவார்களா என்று முதல் நாளே கேளுங்கோ. "பதிவு மட்டும் வேண்டாம், காசைக் கையில தாங்கோ" என்றால் அந்த அறை உங்களுக்கு உதவாது, எவ்வளவு மலிவு என்றாலும். பதிவு இல்லாமல் ஒன்றும் நடக்காது இந்த நாட்டில். குடியேறி இரண்டு கிழமைக்குள், அதாவது இரண்டு வாரத்துக்குள் பதிய வேணும் என்பது சட்டம்.

பொன்மலை_வேதியியல்:
மிக்க நன்றி அண்ணா. இதையெல்லாம் வீட்டில் உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். இன்னும் சில சந்தேகம். விளம்பரத்தில் வாடகை இரண்டு விதமாகப் போடுகிறார்கள், எதை எடுத்துக்கொள்வது? 18 யூரோ வானொலிக் கட்டணம் என்கிறீர்கள், என்னிடம் டிவியே இருக்காதே? அப்புறம் மாதம் 220இல் நிஜமாகச் சாப்பிட முடியுமா? நான் சைவம்.

யூ6_பயணி:
வாடகை: கால்ட்மீட்டே என்று போட்டால் வெறும் வாடகை. வார்ம்மீட்டே என்றால் ஹீட்டர், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்த்து. பட்ஜெட்டுக்கு எப்போதும் வார்ம்மீட்டே, முன்பணத்துக்கு மட்டும் கால்ட்மீட்டே. வார்ம்மீட்டேவிலும் மின்சாரம் சேருமா, இணையம் சேருமா என்று தனியாகக் கேள். ஹீட்டருக்கு மாதாமாதம் கட்டுவது உத்தேசத் தொகைதான், வருடம் முடிந்து கணக்குப் பார்த்துக் கூடுதலாகச் செலவாகியிருந்தால் பில் வரும். குளிரில் ஹீட்டரை முழுக்கத் திருகி வைத்து ஜன்னலையும் திறந்து போட்டால் அந்த பில் பெரிதாக வரும்.

வானொலிக் கட்டணம் மாதம் 18.36. டிவி இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை, வீட்டுக்கு ஒன்று. நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் கட்டிப் பிரித்துக்கொள்ளலாம். விடுதியில் பொது நடைபாதையிலிருந்து நேராக உன் அறைக்குக் கதவு இருந்தால் அந்த அறையே ஒரு வீடு, முழுதாக நீதான் கட்ட வேண்டும். முகவரி பதிந்த சில வாரத்தில் கடிதம் வரும், ஏதோ விளம்பரம் என்று தூக்கிப் போட்டுவிடாதே, கட்டாமல் விட்டால் அபராதத்தோடு சேர்ந்து நிற்கும்.

சாப்பாடு 220இல் முடியும், அதுவும் நன்றாகவே. ஆல்டி, லிடில், பென்னி இவைதான் நம் கடைகள். ரேவே, எடேக்காவில் அந்தந்தக் கடையின் சொந்தப் பெயரில் வரும் மலிவுச் சரக்கை எடுக்கலாம், கீழ்த் தட்டில் வைத்திருப்பார்கள். துருக்கிக் கடையில் மைசூர் பருப்பு, கொண்டைக்கடலை, கொத்தமல்லிக் கட்டு, பச்சை மிளகாய் எல்லாம் உண்டு. அங்கேயே ஒரு கிலோ வாளித் தயிர், பத்து சதவீதக் கொழுப்பு என்று போட்டிருக்கும், அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கினால் நம்மூர்த் தயிர்ச் சோற்றுக்கு அப்படியே பொருந்தும். பொன்னி அரிசி, உளுந்து, புளி, சாம்பார்ப் பொடிக்கு ஹாப்ட்பான்ஹோஃப் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஆசியக் கடைகள் இருக்கின்றன, பத்து கிலோ மூட்டையாக வாங்கிப் பகிர்ந்துகொண்டால் கட்டுப்படியாகும். குடிதண்ணீருக்குக் காசு தேவையே இல்லை, குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் மாங்ஃபால் பள்ளத்தாக்கிலிருந்து வருவது, நேராகப் பிடித்துக் குடிக்கலாம். புட்டித் தண்ணீர் வாங்கினால் புட்டியைத் தூக்கிப் போடாதே, ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் புட்டி ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் ஃபான்ட், அதாவது புட்டிக்கான முன்பணம் பிடித்திருப்பார்கள், கடை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் கடைகள் இரவு எட்டு மணிக்கு மூடிவிடும், ஞாயிறு முழு விடுமுறை. ஆய்வகத்திலிருந்து எட்டரைக்கு வருபவள் வீட்டில் ஒன்றும் இல்லையென்றால் வெளியேதான் சாப்பிட வேண்டும், ஒரு டோனர் ரொட்டியே இப்போது எட்டு யூரோ பக்கம். பட்ஜெட் உடைவது பெரும்பாலும் இப்படித்தான், பெரிய செலவால் இல்லை. சனிக்கிழமை வாங்கி, ஞாயிறு சமைத்து, டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைப்பது ஒன்றே வழி. மதியத்துக்குப் பல்கலைக்கழக உணவகமான மென்ஸா இருக்கிறது, சைவம் தினமும் உண்டு.

வன்னிமண்:
ஊரிலிருந்து நெய், பால்கோவா கொண்டு வர வேண்டாம் தங்கச்சி. பால் சாமான், இறைச்சிச் சாமான் ஐரோப்பாவுக்குள் கொண்டு வரத் தடை, பிடித்தால் எடுத்துவிடுவார்கள். மிளகாய்த்தூள், சாம்பார்ப் பொடி, ஊறுகாய் பிரச்சினை இல்லை. வெண்ணெயை இங்கே வாங்கி நீங்களே உருக்கலாம்.

ஆஹன்_வாசி:
காப்பீடு பற்றி ஒன்று சேர்க்கிறேன். அந்த மாணவர் சலுகைத் தொகை 30 வயது வரைதான். வேலை பார்த்துவிட்டு 31, 32இல் வருபவர்கள் 150 என்று கணக்குப் போட்டால் மாட்டிக்கொள்வார்கள். இன்னொன்று, பொதுக் காப்பீடு உன் பருவம் தொடங்கும் தேதியிலிருந்துதான் ஆரம்பம். செப்டம்பரிலேயே வந்தால் இடையில் உள்ள நாட்களுக்குப் பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டு வா. பயணச் சீட்டு எங்களுக்குப் பருவத் தொகையிலேயே சேர்ந்து வரும், அங்கே எப்படி?

யூ6_பயணி:
இங்கே தனியாக வாங்க வேண்டும். நாடு முழுக்கச் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் 2026இல் 63 யூரோ. பவேரியாவில் படிப்பவர்களுக்கு அதே சீட்டு சலுகை விலையில் கிடைக்கும், 2025இல் 38 யூரோவாக இருந்தது, பிறகு கொஞ்சம் ஏறியது, அதனால்தான் மேலே 45 என்று வைத்தேன். மாதச் சந்தாதான், ஊருக்கு வரும் மாதம் நிறுத்திவைக்கலாம், ஆனால் முந்தைய மாதம் பத்தாம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும்.

இந்தச் சீட்டு அறை தேடவும் உதவும், அதைப் பலர் யோசிப்பதில்லை. உன் வளாகத்துக்கு யூ6 மெட்ரோ நேராகப் போகிறது, வடக்கே கார்ஷிங்கிலிருந்து தெற்கே க்ரோஸ்ஹாடர்ன் மருத்துவமனை வரை ஒரே பாதை. ஊருக்குள் எண்ணூறு கேட்பவர்கள் ஃப்ரைசிங், டாகாவ் பக்கம் கொஞ்சம் இறங்கி வருவார்கள். எஸ்பான் ரயிலில் கூடுதலாக அரைமணி, முக்கால் மணி உட்கார வேண்டும், சீட்டு விலை ஒன்றுதான்.

பொன்மலை_வேதியியல்:
விடுதிக்கு எப்போது விண்ணப்பிப்பது? கிடைக்க வாய்ப்பு எவ்வளவு?

யூ6_பயணி:
இன்றைக்கே. காத்திருப்பு விடுதிக்கு விடுதி மாறும், ஓரிரு பருவத்தில் வருவதும் உண்டு, அதைவிட மிக நீண்டு போவதும் உண்டு. ஸ்டூடன்டன்ஸ்டாட் என்ற பெரிய மாணவர் விடுதி வளாகத்தில் 2021 தீ விபத்துக்குப் பிறகு நூற்றுக்கணக்கான அறைகள் மூடிக் கிடந்தன, அந்த நெருக்கடி இங்கே எல்லோருக்கும் சேர்த்துத்தான் விழுந்தது. அதனால் அதை மட்டும் நம்பாமல் தேவாலய அமைப்புகள் நடத்தும் விடுதிகளுக்கும் தனித்தனியாக எழுது, பல இடங்களில் மதம் பார்ப்பதில்லை. நீ யார், என்ன படிக்கிறாய், வீட்டு வேலையில் பங்கெடுப்பாயா என்பதைச் சொல்லும் ஒரு பக்கக் கடிதம் கேட்பார்கள். பொதுவான கடிதம் ஒன்றை எழுதி எல்லோருக்கும் அனுப்பாதே, அந்த விடுதியின் பெயரைப் போட்டு எழுது, ஜெர்மனில் எழுதினால் இன்னும் நல்லது.

முதல் பருவம் விடுதி கிடைக்காது என்று வைத்தே கடன் தொகையைக் கேள். 11,904, அதன் மேல் முதல் மாதங்களுக்கு 3,600, வருடத் துண்டுக்கு 3,000. மொத்தம் 18,500. யூரோ இன்னும் ஏறலாம் என்பதால் வங்கியில் ரூபாய்த் தொகையைக் கொஞ்சம் கூட்டியே அனுமதி வாங்கி வை, எடுக்காத பணத்துக்கு வட்டி கிடையாது. முதல் வருட முடிவில் ரெசிடென்ஸ் பெர்மிட்டை நீட்டிக்கும்போது அடுத்த காலத்துக்கும் பணம் காட்டச் சொல்வார்கள், அதனால் இரண்டாம் வருடக் கடன் தவணை எந்த மாதம் விடுபடும் என்பதை இப்போதே வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்.

பொன்மலை_வேதியியல்:
திங்கட்கிழமை அப்பாவும் நானும் வங்கிக்குப் போகிறோம். 18,500 என்றே கேட்கிறேன். கடைசியாக ஒன்று, குக்கர் கொண்டு வரலாமா?

கரிசல்:
கொண்டு வா, ஆனால் ஸ்டீல் குக்கராகப் பார்த்து, அடியில் இண்டக்‌ஷன் என்று போட்டதை வாங்கு. பல வீடுகளில் இண்டக்‌ஷன் அடுப்புதான், அலுமினிய குக்கர் அதில் சூடே ஆகாது. மூன்று லிட்டர் போதும். மாற்று கேஸ்கெட் இரண்டு சேர்த்து எடுத்து வா, இங்கே அது கிடைப்பது கஷ்டம்.